காளான் சாப்பிட்டா கொலஸ்ட்ரோல் குளிசையை நிப்பாட்டலாமோ?

உப்புவெளிப்பிள்ளை:
அப்பாவுக்கு எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரோல்) 168 எண்டு ரிப்போர்ட் வந்து, கிளினிக்ல அட்டோர்வாஸ்டட்டின் குளிசை இரவில ஒண்டு போடச் சொன்னவை. பக்கத்து வீட்டு மாமா மரத்தூள் பையில சிப்பிக்காளான் வளக்கிறார், அதுக்குள்ள அதே மருந்து இயற்கையா இருக்காம், குளிசை தேவையில்லையாம். அப்பா இப்ப குளிசையை லாச்சிக்குள்ள வச்சிட்டு மூண்டு நேரமும் காளான் கேக்கிறார். உண்மையோ, வாட்ஸ்அப் கதையோ?

மருந்துக்கடைப்பெடியன்:
மாமா முழுப்பொய் சொல்லேல்ல தங்கச்சி. சிப்பிக்காளான்ல லோவாஸ்டட்டின் இருக்கு, அது அப்பான்ர குளிசையின்ர அதே ஸ்டட்டின் குடும்பம், இந்தக் குளிசைக் குடும்பமே பூஞ்சணத்தில இருந்து வந்ததுதானே, ஜப்பான்ல அகிரா எண்டோ 1970களில பெனிசிலியம் எண்ட பூஞ்சணத்தில தேடி முதல் ஸ்டட்டினைப் பிடிச்சவர், பிறகு லோவாஸ்டட்டின் 1987ல அமெரிக்காவில குளிசையா வந்திச்சு. ஈரல் கொலஸ்ட்ரோல் செய்யப் பாவிக்கிற நொதியை அது மறிக்கும். ஆனா காளான்ல எவ்வளவு இருக்கெண்டது இனத்துக்கு இனம், வளக்கிற தூளுக்குத் தூள் மாறும். குளிசையில 10 மில்லிகிராம் எண்டா 10 தான். சட்டிக்குள்ள ஆர் அளந்து போடுறது? டொக்டரைக் கேக்காம நிப்பாட்ட விடாதேங்கோ.

ஓட்ஸ்கஞ்சி:
ஓட்ஸிலயும் காளான்லயும் இருக்கிற பீட்டா குளுக்கான் எண்ட நாரை விட்டிட்டீங்கள். அந்த நார் குடலில பித்த அமிலத்தைப் பிடிச்சு வெளிய கொண்டு போகும், ஈரல் திருப்பிப் பித்தம் செய்ய ரத்தத்தில இருக்கிற கொலஸ்ட்ரோலை எடுக்கும். ஓட்ஸில நாளுக்கு 3 கிராம் எடுத்தா எல்டிஎல் குறையுமெண்டது நல்லா நிறுவின விசயம், காளான்ல இருக்கிறது வேற வகைக் குளுக்கான், அதே பலனை எதிர்பாக்கேலாது. ஷிட்டாகே காளான்ல எரிட்டடெனின் எண்டும் ஒண்டு இருக்கு, அது எலியளுக்குத்தான் கொலஸ்ட்ரோலைக் குறைச்சுக் காட்டினது, அப்பா எலியில்லையே 😄

நிலாவெளியக்கா:
ஒருத்தரும் சமையலைப் பற்றிக் கதைக்கேல்ல. எங்கட ஆக்கள் காளானை எண்ணெய்ல பொரிச்சு முதல்பாலும் விட்டுப் பிரட்டினா கொழுப்பு எங்க பிள்ளை குறையிறது? மிளகு, உள்ளி போட்டு லேசா வதக்குங்கோ. மாட்டிறைச்சிக் கறிக்குப் பதிலா கிழமைக்கு ரெண்டு மூண்டு நாள் வச்சாலே லாபம்தான், உப்பும் குறைவாப் போதும், அதுக்கெண்டே ஒரு ருசி இருக்கு.

உப்புவெளிப்பிள்ளை:
நன்றி அக்கா. அப்பாவுக்குக் கிரியேட்டினினும் (சிறுநீரகம் எப்பிடி வேலை செய்யுதெண்டு காட்டிற அளவு) கொஞ்சம் கூட, பரவாயில்லையோ?

மருந்துக்கடைப்பெடியன்:
அப்ப கட்டாயம் கிளினிக்ல கேளுங்கோ, காளான்ல பொட்டாசியம் இருக்கு, சிறுநீரகம் பலவீனமெண்டா அது ரத்தத்தில கூடலாம், மூண்டு நேரமும் வேண்டாம். மாரி மழைக்குக் காட்டில முளைக்கிறதை ஆரும் தந்தாலும் வாங்காதேங்கோ.