கூட்டு, அடகு, 555 புத்தகம், கைக்காசு: இதெல்லாம் சேர்ந்த வீட்டுக் கணக்குக்கு எந்த சாஃப்ட்வேர்?

சிப்புட்செல்வி எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். வீட்டுக் கணக்கை இனிமேல் கணினியில் எழுதுவது என்று முடிவு செய்துவிட்டோம், எந்த சாஃப்ட்வேர் சரியாக வரும் என்று பயன்படுத்துகிறவர்கள் சொல்ல வேண்டும். மகன் இடைநிலைப்பள்ளியில் வைத்திருந்த பழைய விண்டோஸ் மடிக்கணினி சும்மாதான் கிடக்கிறது. மாதா மாதம் சந்தா கேட்கிற எதுவும் வேண்டாம்.

நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் கிடைக்கிற யோசனை எல்லாம் ஒரே சம்பளம், ஒரே வங்கிக் கணக்கு, எல்லாவற்றுக்கும் கார்டு என்று இருக்கிறவர்களுக்குத்தான் பொருந்துகிறது, மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் எங்கள் குடும்பம் ஓடுகிற விதம் வேறு. வீட்டுக்காரர் செம்பனைப் பழ லாரி ஓட்டுகிறார். நடைக்கு இவ்வளவு என்று கூலி, மழை மாதத்தில் படுத்துவிடும், பழம் கொட்டுகிற மாதத்தில் ஏறிவிடும், அதில் பாதி கையிலேயே வரும். நான் பாலர் பள்ளியில் வேலை, 1,700 வெள்ளி (ரிங்கிட்) சம்பளம், பிடித்தம் போக வங்கியில் விழும். பத்துப் பேர் சேர்ந்து மாதாமாதம் பணம் போட்டு, மாதம் ஒருவர் மொத்தத்தையும் எடுக்கிற கூட்டில் மாதம் 200 வெள்ளி கட்டுகிறேன், நான் இன்னும் எடுக்கவில்லை. மாமியாரின் சங்கிலி 1,500 வெள்ளிக்கு அடகுக் கடையில் இருக்கிறது. சாமான் கடையில் 555 புத்தகம் என்கிற சின்னக் கடன் நோட்டில் எழுதி வாங்கி மாதக் கடைசியில் கட்டுகிறோம். கைபேசியில் டச் அண்ட் கோ வாலட்டில் கொஞ்சம் பணம் எப்போதும் கிடக்கும்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: மாதம் இருபதாம் தேதி வாக்கில் பார்த்தால், கையிலும் வங்கியிலும் இருப்பதில் உண்மையிலேயே எங்கள் காசு எவ்வளவு, யாருக்கோ கொடுக்க வேண்டியது எவ்வளவு? கூட்டுப் பணத்தைச் செலவு என்று எழுதுவதா, சேமிப்பு என்று எழுதுவதா என்பதிலேயே வீட்டில் இரண்டு கருத்து. அப்புறம் வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கிற ஆப் எதையும் போட எனக்கு மனசு வரவில்லை.

பேராக்_கணக்கர் எழுதியது:

செல்வி, நீங்கள் சொல்கிற வீட்டுக்கு நான் க்னூகேஷ் போடச் சொல்வேன். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், 1998ல் முதல் நிலையான பதிப்பு வந்ததிலிருந்து தன்னார்வலர்கள் விடாமல் எழுதிவருகிறார்கள். வங்கி பாஸ்வேர்டு தேவையே இல்லை, எல்லாவற்றையும் நாமே தட்டி எழுதலாம். கணக்குப் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், நாணயத்தை ரிங்கிட் என்று தேர்ந்தெடுத்தால் போதும். கோப்பு உங்கள் மடிக்கணினியிலேயே இருக்கும் என்பது எனக்கு முக்கியம். மைக்ரோசாஃப்ட் மணியை 2009ல் விற்பதை நிறுத்தினார்கள், அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்கள் நம்பியிருந்த மிண்ட் என்ற கணக்கு ஆப் 2024ல் மூடப்பட்டது. பல வருடக் கணக்கை வேறொருவர் சர்வரில் வைத்துவிட்டு அவர் கதவைச் சாத்தும்போது தவிக்க வேண்டாம்.

இது இரட்டைப் பதிவு முறை. பயப்பட ஒன்றுமில்லை, ஒவ்வொரு வெள்ளியும் எங்கிருந்து கிளம்பி எங்கே போனது என்று இரண்டு பக்கமும் எழுதுகிறீர்கள், அவ்வளவுதான். உங்கள் கூட்டுக் கேள்விக்கு இந்த முறையில்தான் சுத்தமான பதில் கிடைக்கும். சொத்துப் பகுதியில் "கூட்டு" என்று ஒரு கணக்கு திறங்கள். மாதம் 200 கட்டும்போது பணம் "கைக்காசு" கணக்கிலிருந்து "கூட்டு" கணக்குக்கு நகர்கிறது. செலவாகவில்லை, இடம் மாறியிருக்கிறது. நான்காவது மாதம் உங்கள் சீட்டு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மாதத்தையும் சேர்த்து 800 கட்டியிருப்பீர்கள், கைக்கு 2,000 வரும். உடனே அந்தக் கணக்கு கழித்தல் 1,200 என்று சிவப்பில் நிற்கும். அதாவது இன்னும் எடுக்காத ஆறு பேருக்கும் சேர்த்து 1,200 வெள்ளி கடன்பட்டிருக்கிறீர்கள். மீதி ஆறு மாதம் 200, 200 என்று கட்ட அது பூஜ்ஜியத்துக்கு வந்து நிற்கும். வீட்டில் இருந்த இரண்டு கருத்துமே பொருந்தாது: எடுக்கும்வரை அது வரவேண்டிய பணம், எடுத்த பிறகு கொடுக்கவேண்டிய பணம். 2,000 வெள்ளியை வரவு என்று எழுதிவிட்டால் அந்த மாதம் பணக்காரர் மாதிரி தெரியும், அடுத்த ஆறு மாதம் ஏன் இழுக்கிறது என்று புரியாது. ஏலக் கூட்டாக, அதாவது தொகையைக் குறைத்துக் கேட்பவர் முதலில் எடுக்கிற கூட்டாக இருந்தால், தள்ளிக் கொடுத்த தொகையை மட்டும் "கூட்டுத் தள்ளுபடி" என்று செலவில் எழுதுங்கள்.

555 புத்தகத்துக்குக் கடன் பகுதியில் "சாமான் கடை" என்று ஒரு கணக்கு. சாமான் வாங்கிய அன்றே மளிகைச் செலவு என்று எழுதி, பணம் வந்த இடமாக அந்தக் கடன் கணக்கைக் காட்டுங்கள். மாதக் கடைசியில் கட்டுவது செலவு இல்லை, கடன் தீர்ப்பது. மாதக் கடைசியில் கட்டும்போது மட்டும் எழுதினால் இருபதாம் தேதி நிலவரம் தெரியவே தெரியாது, நீங்கள் கேட்பதே அதைத்தானே.

வீட்டுக்காரர் கூலி ஏறி இறங்குவதற்கு ஒரு வழி. வங்கிக் கணக்கின் கீழே "மழை மாதம்" என்று ஒரு துணைக் கணக்கு வையுங்கள். உண்மையில் வங்கியில் ஒரே கணக்குதான், சாஃப்ட்வேரில் மட்டும் பிரிகிறது, மேலே இரண்டும் கூட்டித் தெரியும். பழம் கொட்டுகிற மாதத்தில் வழக்கமான வீட்டுச் செலவுக்கு மேல் வருவதை அதற்குள் நகர்த்திவிடுங்கள். வங்கியில் 1,900 இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் அதில் 700 மழைக்கு ஒதுக்கியது என்று பக்கத்திலேயே தெரியும்.

ஈப்போ_தம்பி எழுதியது:

செல்வி அக்கா, கணக்கர் அண்ணன் சொல்வது முறையாகச் சரி, ஆனால் பழைய மடிக்கணினியில் முதல் நாளே க்னூகேஷ் திறந்து ஐம்பது கணக்கு உள்ள மரத்தைப் பார்த்தால் மூடிவிட்டுப் போய்விடுவீர்களோ என்று எனக்கு யோசனை. ஹோம்பேங்க் என்று ஒன்று இருக்கிறது, அதுவும் இலவசம், ரொம்ப இலேசானது, கணக்கு, வகை, மாத பட்ஜெட் என்று நேராகப் போகும். கூட்டையும் கடைக் கடனையும் அதிலும் தனிக் கணக்காகத் திறந்து ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பணம் மாற்றியதாக எழுதலாம். இன்னொன்று மணி மேனேஜர் இஎக்ஸ், அதற்கு ஆண்ட்ராய்டு ஆப்பும் உண்டு, கணினியில் உள்ள அதே கோப்பைத் திறக்கும்.

எந்த சாஃப்ட்வேர் என்பதைவிட எப்போது எழுதுவீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) நின்றுகொண்டு கங்கோங் கீரை 2 வெள்ளி, நெத்திலி 8 வெள்ளி என்று யாரும் ஆப்பில் தட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். போகும்போது கையில் 60 வெள்ளி, திரும்பும்போது 13 வெள்ளி என்றால் "சந்தை 47" என்று ஒரே வரி போதும். சிறிய செலவை எல்லாம் பிரிக்கப் போனால்தான் அலுத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டபின் 555 புத்தகம், வாலட் வரலாறு, வங்கி ஆப் மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுதினால் ஒரே மூச்சில் முடிந்துவிடும்.

பாடாங்செராய்_பெரியவர் எழுதியது:

தங்கச்சி, சாஃப்ட்வேர் விஷயம் பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள், நான் அடகைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1972ஆம் ஆண்டு அடகுக் கடைச் சட்டப்படி மாதத்துக்கு 2 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம். 1,500 வெள்ளிக்கு மாதம் 30, வருடத்துக்கு 360. மாதம் முப்பது வெள்ளிதானே என்று தோன்றும், அதனால்தான் அடகுச் சீட்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்துப் புதுப்பித்து நகை வருடக்கணக்கில் வெளியே வராமல் கிடக்கும், தோட்டத்தில் இருந்த காலத்திலேயே இந்தக் கதை பார்த்தாயிற்று. கணக்கில் 1,500 வெள்ளியைக் கடன் பகுதியில் எழுதுங்கள், வட்டிக்குத் தனியாக "அடகு வட்டி" என்று செலவுக் கணக்கு வையுங்கள், மளிகையோடு கலக்காதீர்கள். வருடக் கடைசியில் அந்த ஒரு வரி என்ன தொகை காட்டுகிறது என்று பாருங்கள். கூட்டு விழும்போது 2,000 வந்தால் என் யோசனை முதல் வேலையாகச் சங்கிலியை மீட்பது. 24 விழுக்காட்டுக் கடனை வைத்துக்கொண்டு வங்கியில் சேமிப்பதால் லாபம் இல்லை.

கூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்யக்கூடாது என்று 1971லேயே சட்டம் இருக்கிறது, சட்டத்தின் பெயரிலேயே கூட்டு என்ற நம் சொல்தான் இருக்கிறது. தெரிந்தவர்களுக்குள் நம்பிக்கையில் ஓடுகிறது, சரி, ஆனால் கூட்டை நடத்துகிற தலைவி பணத்தோடு போய்விட்டால் கையில் ஒரு சீட்டும் இருக்காது. யார் எந்த மாதம் எடுத்தார்கள் என்பதைக் கூட்டுக் கணக்கின் குறிப்புப் பகுதியில் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மாமியார் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரா? அப்படியானால் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960ல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் அவருக்குப் பங்கு இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் ஊர்க்காரர் தொடங்கியது, தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி வாங்கிய பங்குகள். பல வீடுகளில் பத்திரம் பெட்டியின் அடியில் கிடக்கும், யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அதுவும் சொத்துதான், அவர் பெயரிலேயே ஒரு வரி திறங்கள்.

சிப்புட்செல்வி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கூட்டுக் கணக்கை வீட்டுக்காரரிடம் விரலை விட்டு எண்ணிக் காட்டினேன், கழித்தல் 1,200 என்றதும் ஒத்துக்கொண்டார். மாமியாரிடம் பத்திரம் இருக்கிறதாம், தகரப் பெட்டியில்.

இன்னும் சில சந்தேகம். மைகாட்டில் (அடையாள அட்டையில்) வருகிற, அரசாங்கத்தின் சாரா உதவிப் பணத்தை எப்படி எழுதுவது, அது கையில் வருவதே இல்லையே. என் சேமநிதிப் பிடித்தத்தை எழுத வேண்டுமா? அப்புறம் மடிக்கணினியைப் பிள்ளைகளும் எடுப்பார்கள், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் வருவார்கள், கணக்கு எல்லார் கண்ணிலும் படக்கூடாது.

பேராக்_கணக்கர் எழுதியது:

சாராவை விட்டுவிடாதீர்கள். சொத்தில் "சாரா மைகாட்" என்று ஒரு கணக்கு, உதவி ஏறும்போது வரவிலிருந்து அதற்கு, கடையில் மைகாட் காட்டும்போது அதிலிருந்து மளிகைக்கு. 2025 ஆகஸ்ட் 31 முதல் 18 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லா மலேசியருக்கும் 100 வெள்ளி கொடுத்தார்களே, வீட்டில் மூன்று பெரியவர்கள் என்றால் 300 வெள்ளிச் சாமான். அதை எழுதாவிட்டால் அந்த மாதம் மளிகைச் செலவு குறைந்துவிட்ட மாதிரி காட்டும், அதை நம்பி அடுத்த மாதத்துக்கு பட்ஜெட் போட்டால் இடிக்கும்.

சேமநிதியை எழுதுங்கள், ஆனால் பிரித்து எழுதுங்கள். 1,700 வெள்ளிக்கு உங்கள் பங்கு 11 விழுக்காடு, 187 வெள்ளி, முதலாளி பங்கு 13 விழுக்காடு, 221, ஆக மாதம் 408 உங்கள் பெயரில் ஏறுகிறது. 2024 மே மாதத்திலிருந்து அது மூன்றாகப் பிரிகிறது: 75 விழுக்காடு ஓய்வுக் கணக்கு, 15 செஜாத்ரா, 10 ஃபிளெக்சிபல். ஃபிளெக்சிபலில் விழும் 40 வெள்ளி 80 சென் மட்டும்தான் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடியது. மற்ற இரண்டையும் "தொட முடியாதது" என்ற தலைப்பின் கீழ் வைத்துவிடுங்கள், இருபதாம் தேதிக் கணக்கில் அவை கலக்கக்கூடாது. சம்பளத்தை எழுதும்போது வங்கியில் விழுந்ததை மட்டும் எழுதாமல், சம்பளச் சீட்டைப் பார்த்து 1,700 வரவு, அதில் சேமநிதிக்கு இவ்வளவு, சொக்சோவுக்கு (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக்கு) இவ்வளவு, மீதி வங்கிக்கு என்று ஒரே பதிவில் பிரிக்கலாம். பணம் பிடித்தும் சேமநிதியில் கட்டாமல் விடுகிற முதலாளிகள் இருக்கிறார்கள், சேமநிதி ஆப்பில் தெரியும் தொகையோடு உங்கள் கணக்கை மாதாமாதம் ஒத்துப்பாருங்கள்.

பாஸ்வேர்டு விஷயத்தில் ஒன்று: க்னூகேஷில் கோப்பைப் பூட்டும் வசதி இல்லை. விண்டோஸில் உங்களுக்கென்று பாஸ்வேர்டோடு தனிப் பயனர் திறந்து, கோப்பை அதற்குள் வையுங்கள். அது போதாது என்றால் தம்பி சொன்ன மணி மேனேஜர் இஎக்ஸில் கோப்பையே பாஸ்வேர்டு போட்டுப் பூட்டலாம், இந்த ஒரு காரணத்துக்காக நீங்கள் அதையே எடுத்தாலும் நான் மறுக்க மாட்டேன், கூட்டுக்கும் கடைக் கடனுக்கும் தனித்தனிக் கணக்கு அதிலும் திறக்கலாம். எதுவாக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை எழுதி முடித்ததும் பென்டிரைவில் ஒரு பிரதி.

சம்பளம் விழுந்த மறுநாள் தொடங்குங்கள். பழைய மாதங்களைத் தோண்ட வேண்டாம். அன்றைக்குக் கையில், வங்கியில், வாலட்டில் இருப்பது, கூட்டில் இதுவரை கட்டியது, கடைப் பாக்கி, அடகு 1,500 இவற்றைத் தொடக்க இருப்பாக எழுதினால் அன்றே உங்கள் கேள்விக்கு முதல் பதில் வந்துவிடும். தரவிறக்கும்போது அந்தந்த சாஃப்ட்வேரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். மடிக்கணினியில் ஏறவில்லை என்றால் எந்த விண்டோஸ் என்று இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.