மறு: பற்பாலம் ஒரு பக்கம் மட்டும் விட்டுப்போவதற்கு என்ன சொல்?

அன்புள்ள நண்பர்களே,

பல் மருத்துவத்துக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் மடற்குழுவில், இழந்த பல்லின் இடத்தை நிரப்பும் 'பிரிட்ஜ்'-ஐப் பாலம் என்பதா, பற்பாலம் என்பதா என்ற வழக்கை இத்தோடு முடித்துக்கொள்ளலாம். தலைப்பில் 'பற்பாலம்', அதற்கப்புறம் வெறும் 'பாலம்' போதும். எங்கள் பல் மருந்தகத்துக்கு வரும் பாட்டிமார் 'பிரிட்ஜ்' என்கிறார்கள், அதுவும் சரி. எனக்குச் சொல் தேவைப்படுவது வேறு இடத்தில்.

மூன்று பல் பாலம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் பல் இல்லை. இரு பக்கப் பற்களையும் செதுக்கி, அவற்றுக்கு உறை செய்து, நடுவில் போலிப்பல்லைச் சேர்த்து, மூன்றையும் ஒரே துண்டாக ஒட்டிவிடுகிறார்கள். பல ஆண்டுகள் கழித்து ஒரு பக்கத்து உறைக்குள் மட்டும் ஒட்டுப்பசை உடைந்தோ கரைந்தோ போகிறது. மறுபக்கம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பதால் பாலம் விழாது. பல நேரம் ஆடுவதுகூடத் தெரியாது. விட்ட பக்கத்தில் எச்சில் போய்வந்து, உறைக்குள் இருக்கும் பல் சொத்தையாகிக்கொண்டே போகும். அது வேர் சிகிச்சை செய்த பல் என்றால் வலித்து எச்சரிக்கவும் வழியில்லை. மருத்துவர் அந்த இடத்தை உலர்த்திவிட்டு, பாலத்தை மேலும் கீழுமாக அசைத்துப் பார்ப்பார். உறையின் ஓரத்தில் எச்சில் குமிழி விட்டால் விஷயம் தெரிந்துவிடும். முழுதாகக் கழன்று கையில் வந்த பாலம் இதைவிட மேல். அதை உடனே மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள் அல்லவா?

முன்பற்களுக்குப் போடும் மேரிலாந்து பாலத்தில் இதே தொல்லைதான். உறைக்குப் பதில் பல்லின் பின்புறம் ஒட்டும் இரண்டு சிறகுகள் அதில் உண்டு. ஒன்று விட்டு மற்றது பிடித்திருந்தால் யாருக்கும் தெரியாது. அதனால் இப்போது முன்பல்லுக்கு ஒற்றைச் சிறகே போதும் என்று பலர் நினைக்கிறார்கள்: விட்டால் மொத்தமாக விழும், மறைந்திருக்காது. பாலத்தின் வடிவத்தையே மாற்ற வைத்த ஒரு கோளாறுக்குத் தமிழில் பெயர் இல்லை. 'டிபாண்ட்' (debond, ஒட்டு விட்டுப்போவது) என்று நாங்களும் அப்படியே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சென்ற மடலில் ஐயா 'கழறல்' என்று எழுதியிருந்தார். மன்னிக்க வேண்டும் ஐயா, கழல்வது வேறு, கழறுவது வேறு. கழறுதல் இடித்துரைப்பது. 'உங்கள் பாலம் கழறியது' என்றால் பாலம் உங்களைத் திட்டியதாக ஆகும். (பாலத்துக்கு அடியில் நூல் விட்டுச் சுத்தம் செய்யாதவர்களை அது திட்டினாலும் தப்பில்லை.) 'கழலல்' என்று திருத்தலாம் என்றால், கட்டியைக் குறிக்கும் 'கழலை' பக்கத்திலேயே நிற்கிறது. வாய்ப்புற்றுத் துண்டறிக்கை வைத்திருக்கும் அதே மேசையில் அந்தச் சொல் எனக்கு வேண்டாம். தவிர, கழன்றது என்றாலே முழுதாக வந்துவிட்டது என்றுதான் கேட்பவர் நினைப்பார்.

அக்கா சொன்ன 'நெகிழ்வு' எனக்கு ரொம்பப் பிடித்தது. சங்கத் தலைவியின் வளை நெகிழ்வதுபோல் உறை நெகிழ்கிறது! ஆனால் இன்றைக்கு நெகிழி என்றால் பிளாஸ்டிக். 'நெகிழ்ந்த பாலம்' என்றால் அக்ரிலிக்கில் செய்யும் தற்காலிகப் பாலம் என்று எடுத்துக்கொள்வார்கள். நானே யோசித்த 'ஒருகால் விட்ட பாலம்' இன்னும் மோசம். 'ஒருவேளை விட்டிருக்கலாம்' என்றும் பொருள்படும்.

கடைசியில் எதிரில் உட்காரும் நோயாளிகளிடமே போனேன். 'பிடி விட்டுப்போச்சு' என்கிறார்கள். அதையே எடுத்துக்கொள்ளலாமே: பிடிவிடல். ஒருபக்கப் பிடிவிடல், முழுப் பிடிவிடல் என்று பிரிக்கவும் வசதி. பல்லில் மாட்டும் உறை பிடியுறை, அதைச் சுமக்கும் பல் தாங்குபல். நடுவில் உள்ளதைப் 'பாலப்பல்' என்று மட்டும் சொல்ல வேண்டாம். தொலைபேசியில் அது 'பால்பல்' என்று கேட்டு, பேரப்பிள்ளைக்கா என்பார்கள். 'இடைப்பல்' போதும்.

ஒரு பக்கம் விட்டால், பிடித்திருக்கும் மறுபக்கத்தையும் எடுத்தால்தான் உள்ளே பார்க்க முடியும். பல நேரம் அந்த உறையை வெட்டித்தான் எடுக்க வேண்டும். இதை நம் பழைய சொற்பட்டியலில் 'பால அறுவை' என்று போட்டிருக்கிறோம். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். இங்கே சிங்கப்பூரில் மெடிசேவ் (மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பு) பணத்தைப் பல் விஷயத்தில் பெரும்பாலும் அறுவை சிகிச்சைக்குத்தான் எடுக்கலாம். தாடையில் பதிக்கும் செயற்கை வேருக்குக் கிடைக்கும், பாலத்துக்குப் பொதுவாகக் கிடைக்காது. 'அறுவை என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்' என்று ஒருவர் முகப்பில் அரை மணி நேரம் வாதாடினார், அவர் மேல் தவறே இல்லை. 'உறை வெட்டல்' என்று வைத்துக்கொள்வோம். பல் நன்றாக இருந்து திரும்ப ஒட்டினால் 'மறு ஒட்டல்', பீங்கான் சில்லு பெயர்ந்த இடத்தைப் பூசினால் 'சில்லுப் பூச்சு'. இவற்றில் சண்டைக்கு ஒன்றுமில்லை.

பாலம் போட்டவர்களுக்கான துண்டறிக்கையில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'பாலத்தை அழுத்தினால் ஓரத்தில் குமிழி வருகிறதா? ஒரு பக்கத்தில் கெட்ட வாடையோ சுவையோ தெரிகிறதா? ஒருபக்கப் பிடிவிடலாக இருக்கலாம். கடையில் வாங்கிய பசையால் நீங்களே ஒட்டாதீர்கள்.' பிடிவிடல், பிடிவிடுகை இரண்டில் எது நாக்கில் உட்காருகிறது என்று மட்டும் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

அன்புடன்,
தோ பாயோவிலிருந்து, பல் மருந்தக உதவியாளர்