பனியாற்றுக்கு எதிரே டெக்கில் சாப்பாடு: சுகமா, சும்மா போட்டோவுக்கா?

கொக்கி
அலாஸ்கா குரூஸ் விளம்பரம் எதைத் திறந்தாலும் ஒரே படம்தான்: மடியில் போர்வை, கையில் ஆவி பறக்கும் கிண்ணம், எதிரே நீலப் பனிச்சுவர். இந்த வெளித்தளச் சாப்பாட்டுக்குத் தனியாகக் காசு கட்டலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டாம் என்பது என் கட்சி. ரசனையை வைத்துச் சொல்லவில்லை, கணக்கை வைத்துச் சொல்கிறேன்.

5 டிகிரி குளிரில் வெளியே அடுக்கி வைத்த 300 கிராம் பீங்கான் கிண்ணம். அதில் 75 டிகிரியில் இருக்கும் கால் லிட்டர் சூப்பை ஊற்றுங்கள். கிண்ணமே 14 டிகிரியை உறிஞ்சிவிடும். ஊற்றிய கையோடு சூப் 61க்கு இறங்கிவிடும். அப்புறம் காற்று தன் வேலையை ஆரம்பிக்கும். வாய் அகலமான பாத்திரம் என்பதால் ஆவியோடு ஆவியாகச் சூடும் போகும்.

தட்டில் வைப்பது இதைவிட மோசம். ஸ்டேக், மீன் ஃபில்லே, பாஸ்தா எல்லாம் கனம் குறைவு, பரப்பு அதிகம். வெண்ணெய் சாஸ் 30 டிகிரிக்குக் கீழே போனால் தட்டில் படலமாக ஒட்டிக்கொள்ளும். கண்ணாடிக்கு உள்ளே நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு, ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்ப் பாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் இரண்டும் கெடும்.

லிடோவாசி
கணக்கு சரிதான் கொக்கி, கிண்ணம்தான் தப்பு. கிண்ணத்த வெளிய குளிர்ல அடுக்கி வைக்கிற கிச்சன் எங்க இருக்கு? அதே கிண்ணம் 60 டிகிரி வார்மர்லேர்ந்து வந்தா சூப் 72ல நிக்கும். வாய் சூடுபடாம குடிக்க 60 போதும். ரெட்டைச் சுவர் ஸ்டீல் மக், மேல ஒரு மூடின்னா பேச்சே இல்ல.

அடுத்தது, என்ன சூப்னு பாக்கணும். ஹாலண்ட் அமெரிக்கா கம்பெனிக் கப்பல்கள்ல, அலாஸ்காவுல இருக்கற கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள்ள போற நாள் அன்னிக்கு டெக்ல டச்சுப் பட்டாணி சூப் கொடுக்கறது ரொம்ப நாள் வழக்கம். உடைச்ச பச்சைப் பட்டாணி, லீக்ஸ், செலரிக் கிழங்கு எல்லாம் போட்டுக் கரண்டி நட்டா நிக்கிற மாதிரி கெட்டியா இருக்கும். கெட்டியான திரவத்துல அடியில இருக்கற சூடு மேல சுழன்று வராது. மேல ஏடு கட்டும், உள்ள கொதி அப்படியே இருக்கும். தெளிவான ரசம் மாதிரி ஒண்ணக் கொடுத்தா நீங்க சொல்றபடிதான் ஆகும், ஒத்துக்கறேன்.

உள்ள உக்காந்து பாக்கலாம்னு சொல்றீங்களே, சத்தம்? கிளேசியர் பேல இருக்கற மார்ஜரி பனியாறு தண்ணிக்கு மேல 75 மீட்டர் உசரம். அதுலேர்ந்து ஒரு துண்டு உடையற சத்தம் ரெட்டைக் கண்ணாடிக்குள்ள வரவே வராது. ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்னா பனி விழறத முதல்ல பாப்பீங்க, மூணு விநாடி கழிச்சுதான் இடி வரும். கப்பல் அங்க நிக்கறது கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். அந்த நேரம் பாத்து உள்ள பஃபே க்யூல நிக்கச் சொல்றீங்க.

கொக்கி
காற்றை மறந்துவிட்டீர்கள். காற்றே இல்லாத நாளிலும் 20 நாட்டில் போகும் கப்பல் மணிக்கு 37 கிலோமீட்டர் காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. 5 டிகிரியில் அந்த வேகத்துக்கு விண்ட் சில், அதாவது காற்றோடு சேர்த்து உடம்பு உணரும் குளிர், பூஜ்யத்துக்குக் கீழே அரை டிகிரி. அந்தச் சூப் எவ்வளவு கெட்டியாக இருந்து என்ன?

லிடோவாசி
விண்ட் சில் தோலுக்கான கணக்கு, சூப்புக்கு இல்ல. காத்தடிச்சா சூப் சீக்கிரம் ஆறும், அவ்ளோதான். வெளி வெப்பநிலைக்குக் கீழ போகவே போகாது. அப்புறம், யாரு 20 நாட்ல சாப்பிடச் சொன்னா? பூங்காவுக்குள்ள திமிங்கிலம் திரியற பகுதியில வேக வரம்பே 13 நாட் வரைக்கும் இறக்குவாங்க. பனியாறு முன்னாடி கப்பல் ஏறக்குறைய நின்னுடும். 5 நாட் காத்துல அதே 5 டிகிரிக்கு விண்ட் சில் 3.

கொக்கி
கப்பல் நிற்கும், பனியாறு நிற்காது. பனிக்கட்டிமேல் குளிர்ந்து கனத்த காற்று சரிவில் இறங்கி நேரே கப்பல் முகத்தில் அடிக்கும். வானம் தெளிவாக, மற்ற இடமெல்லாம் அசைவில்லாமல் இருக்கிற நாளில்கூட அந்த இறங்குகாற்று உண்டு. முகப்பில் மேஜை போட்டால் நாப்கின் முதலில் போகும். போனால் அது வெறும் அசிங்கம் இல்லை. கடலில் குப்பை சேர்வது மார்போல் விதிகள் (கப்பல்கள் கடலை மாசுபடுத்தாமல் தடுக்கும் சர்வதேச விதிகள்) சம்பந்தப்பட்ட விஷயம். கடற்காகம் வந்து ரொட்டியைக் கொத்திக்கொண்டு போனாலும் சிக்கல்தான். அமெரிக்கத் தேசியப் பூங்காவுக்குள் காட்டுயிருக்கு உணவளிப்பது சட்டப்படி குற்றம்.

ஹீட்டர் இருக்கிறதே என்று அடுத்தவர் வருவதற்குள் அதையும் முடித்துவிடுகிறேன். இன்ஃப்ராரெட் ஹீட்டர் காற்றைச் சூடாக்காது, கதிர் படும் பரப்பைத்தான் சூடாக்கும். தலையும் தோளும் வேகும், மேஜை நிழலில் முழங்காலுக்குக் கீழே விறைக்கும். அடிக்கிற காற்று அந்தச் சூட்டையும் தோலிலிருந்து வழித்துக்கொண்டு போய்விடும்.

தென்முனை
ரெண்டு பேருமே மூவாயிரம் பேர் போற பெரிய கப்பலை வச்சுப் பேசறீங்க. அண்டார்டிகா எக்ஸ்பெடிஷன் கப்பல்ல டெக் பார்பெக்யூ சர்வ சாதாரணம், நல்லாவும் நடக்குது. நூத்தம்பது, இருநூறு பேர்தான். மலை சூழ்ந்த விரிகுடாவுக்குள்ள போய், காத்து மறைவுல கப்பலை நிறுத்தின பிறகுதான் அடுப்பையே பத்த வைப்பாங்க. மைனஸ் ஒண்ணு இருந்தாலும் காத்து இல்லன்னா வெயில்ல ஒரு மணி நேரம் தாராளமா நிக்கலாம். காத்து எழும்பினா நிகழ்ச்சி ரத்து, சாப்பாடு உள்ள. இதுல பிடிவாதம் கூடாது.

அங்க கெடறது வேற இடத்துல. ஆட்டுக்கறிக் கொழுப்பு 40 டிகிரிக்கு மேலயே உறைய ஆரம்பிக்கும். கிரில்லேர்ந்து தட்டுக்கு வந்து ரெண்டு நிமிஷத்துல அண்ணத்துல மெழுகு ஒட்டும். குளிருக்கு ஏத்தது மீன், சாசேஜ், சுட்ட சோளம், தோலோட சுட்ட உருளைக்கிழங்கு. உருளைக்கிழங்கு கையையும் சேர்த்துச் சூடாக்கும்! முழுசா ஒரே தட்டுல அடுக்காம, ரெண்டு மூணு தடவையா கொஞ்சம் கொஞ்சமா வாங்கணும். கத்தி முள்கரண்டி வேண்டாம். விரல் தோல் 15 டிகிரிக்குக் கீழ போனா பிடிமானம் தடுமாறும், மெல்லிய உள் கையுறையோட கையால சாப்பிடற மாதிரி எடுத்துக்கணும்.

மிச்சத்தையும் அலட்சியமா விட முடியாது. அண்டார்டிக் கடல்ல உணவுக் கழிவை 25 மில்லிமீட்டர் சல்லடைக்குள்ள போற அளவுக்கு அரைச்சு, கரையிலேர்ந்தும் பனித்தட்டுலேர்ந்தும் 12 கடல்மைல் தாண்டித்தான் விடணும். கோழிக் கழிவைக் கிருமி நீக்காம விடவே கூடாது, பறவைகளுக்கு நோய் பரவும்னு பயம். அதனால விளிம்புக் கம்பிமேல தட்டை வச்சுட்டு செல்ஃபி எடுக்கறவங்களை ஊழியர்கள் விரட்டத்தான் செய்வாங்க.

மயிலை மாமி
சண்டை நடுவுல ஒரு சந்தேகம் தம்பிகளா. அந்தப் பட்டாணி சூப் சைவமா? வீட்லேர்ந்து புளியோதரை கட்டிண்டு போய் டெக்ல சாப்பிடலாமா?

லிடோவாசி
மாமி, பாரம்பரிய முறையில அதுல பன்றி இறைச்சியும் புகையூட்டிய சாசேஜும் உண்டு. பாத்தா வெறும் பட்டாணி மாதிரிதான் இருக்கும், மேல மிதக்கறத ஒதுக்கிட்டா சைவம் ஆகாது, வேக வச்ச தண்ணியே இறைச்சித் தண்ணி. சைவ வகை தனியா இருக்கான்னு முதல் நாளே டைனிங் மேனேஜர்கிட்ட கேட்டு வச்சுக்கோங்க. வீட்ல சமைச்சத பெரும்பாலான கப்பல்ல ஏத்தவே விடமாட்டாங்க, கம்பெனி சீல் போட்ட பாக்கெட் பரவால்ல. தேங்காயெண்ணெய் சேர்த்த பொடி, தொக்கு மட்டும் வேண்டாம். 24 டிகிரியிலயே உறைஞ்சுடும், டெக்ல கல்லு மாதிரி நிக்கும். நல்லெண்ணெய்னா ஓடும்.

கொக்கி
மாமிக்கு இன்னொன்று. மற்றவர்கள் குளிருக்கு இதமாக இருக்கும் என்று சூடான ஒயினை நீட்டுவார்கள். மது தோலுக்கு அடியில் ரத்தக் குழாய்களை விரிப்பதால்தான் அந்தக் கதகதப்பு. உண்மையில் உடம்பின் உட்சூடு வேகமாக வெளியே போகிறது. வயதானவர்கள் சூடான சாக்லேட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தென்முனை சொன்ன சின்னக் கப்பல் கதையை ஏற்கிறேன். பெரிய கப்பலில் 57 டிகிரி விவகாரம் பாக்கி இருக்கிறது. அமெரிக்கத் துறைமுகம் தொடும் கப்பல்களைச் சோதிக்கும் சிடிசி (அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம்) விதிப்படி சூடான உணவு 57க்குக் கீழே இறங்கக் கூடாது. திறந்த டெக்கில் பஃபே தட்டைச் சூடாக வைக்க ஜெல் அடுப்பு ஏற்றினால் சுடர் காற்றில் சாய்ந்து தட்டின் அடியில் படாது. நீர்த்தொட்டி ஆறும், மேலே இருப்பதும் ஆறும்.

லிடோவாசி
அதனாலதான் வெளியில பஃபேயே வைக்கக் கூடாதுங்கறேன். மின்சார சூப் கெட்டில் ஒண்ணு, ஹாட்பாக்ஸ்ல ரொட்டி, அவ்ளோ போதும். நாலு கோர்ஸ் டின்னர் வெளிய வேண்டாம்னா நானும் உங்க கட்சி. நார்வே கரையோரக் கப்பல்ல ஆர்க்டிக் வட்டம் தாண்டினதும் டெக்ல ஒரே ஒரு கரண்டி மீனெண்ணெய் கொடுப்பாங்க. அளவுன்னா அது அளவு! (ருசியப் பத்தி நான் பேசல.)

கொக்கி
அப்படியானால் காசு கட்டி ரிசர்வ் பண்ணும் டெக் டின்னர் வேண்டாம் என்கிற என் பேச்சு நிற்கிறது. இலவச சூப்புக்கு ஆட்சேபம் இல்லை.

தென்முனை
நிக்கட்டும், ஆனா எங்க உக்காரணும்னு யாரும் சொல்லலயே. பின்தளம் காத்து மறைவா இருக்கும்னு ஓடுவாங்க. கப்பல் போற வேகத்துலயே பின்காத்தும் அடிச்சா புகைக்கூண்டுப் புகை அங்கேயே தேங்கி நிக்கும், மேஜைவிரிப்புல கரி விழும். கொடியைப் பாருங்க: துவண்டு தொங்கினா அந்தப் பக்கம் போகாதீங்க. நடுத்தளத்துல, பக்கவாட்டுக் கண்ணாடித் தடுப்பு ஒட்டின இடம் நல்லது, தடுப்புக்குக் கீழ இடைவெளி இருந்தா பையை வச்சு அடைச்சுக்கலாம். உலோக நாற்காலின்னா போர்வையை மேல போர்த்தறதுக்கு முன்னாடி அடியில ஒண்ணு மடிச்சுப் போடுங்க. மார்ஜரி முன்னாடி கப்பலை மெதுவா முழுசா திருப்புவாங்க, அதனால எந்தப் பக்கம்னு இடத்துக்குச் சண்டை வேண்டாம்.