நொட்டோரியஸ்னா பேமஸ் இல்லையா? பெரிய இங்கிலீஷ் வார்த்தைங்க கத்துக்க வழி சொல்லுங்க

குடியாத்தம் பையன்:
வணக்கம். பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம், இப்போ ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனில எக்ஸ்போர்ட் செக்‌ஷன், வெளிநாட்டு பையருக்கு மெயில் போடறதுதான் வேலை. எப்பவும் குட்டி குட்டி வார்த்தையா எழுத எனக்கே கூச்சமா இருந்துச்சி, அதனால ஒரு வேர்டு லிஸ்ட் வாங்கி குடியாத்தத்துல டிரெய்ன் ஏறனா வாலாஜா ரோடு வர்றதுக்குள்ள 20 வார்த்தை மனப்பாடம் பண்ணிக்கினு இருக்கேன். போன வாரம் எங்க கம்பெனி குவாலிட்டிக்கு பேர்போனதுன்னு சொல்றதா நெனச்சி 'நொட்டோரியஸ் ஃபார் குவாலிட்டி'ன்னு எழுதிட்டேன், லிஸ்ட்ல 'பிரபலமான'ன்னுதான் போட்டிருக்கு. மேனேஜர் பாத்து நிறுத்திட்டாரு, ஆனா செக்‌ஷனே சிரிச்சிது. மனப்பாடம் பண்ணதுல பாதி ஒரே வாரத்துல மறந்தும் போவுது. இன்னா பண்றது?

காட்பாடி வாத்தியார்:
தம்பி, பேப்பர்ல 'பிரபல ரவுடி கைது'ன்னு போடறான் பாரு, அந்த பிரபலத்துக்குத்தான் நொட்டோரியஸ். நீ சொல்ல வந்தது 'ரினௌண்ட்'. ஒரு வார்த்தைக்கு எதிர்ல ஒரு தமிழ் அர்த்தம்னு போடற லிஸ்ட்ல இந்த வித்தியாசம் வரவே வராது, தூக்கி போடு அதை. நாம இட்லி ஊத்தறோம், தோசை சுடறோம், சோறு வடிக்கிறோம், தோசையை வடிச்சேன்னா சிரிக்க மாட்டாங்களா? அங்கயும் அப்படித்தான், மழைன்னா ஹெவி, காத்துன்னா ஸ்ட்ராங், மாத்தி போட்டா ஒட்டாது. அதனால வார்த்தையை தனியா எழுதாம முழு வாக்கியமா நோட்ல எழுது. இங்கிலீஷ் கத்துக்கறவங்களுக்குன்னே லேனர்ஸ் டிக்‌ஷனரி இருக்கு, 2000, 3000 எளிய வார்த்தைக்குள்ளயே அர்த்தம் சொல்லிடுவான், கூடவே உதாரணமும் இருக்கும்.

வேலூர் நர்ஸ் அக்கா:
நானும் தமிழ் மீடியம்தான்பா. நர்சிங் சேர்ந்தப்ப அழுதுட்டேன், அப்புறம் வார்த்தையோட வேர் பிடிபட்டதும் ஈசியாயிடுச்சி. ஐட்டிஸ்னு முடிஞ்சா வீக்கம், ஹைப்பர்னா அதிகம், ஹைப்போன்னா கம்மி. லத்தீன்ல 'லொக்வி'ன்னா பேசறது, அதுலேர்ந்து வந்ததுதான் எலக்வென்ட் (அழகா பேசற), லொக்வேஷியஸ் (ஓயாம பேசற), வாயசைக்காம பொம்மையை பேச வெக்கிற வென்ட்ரிலக்விஸ்ட் கூட, நேர் அர்த்தம் வயித்தால பேசறவன்! ஆனா வேரை வெச்சி குருட்டாம்போக்குல போவாதே. பெடஸ்ட்ரியன்ல (நடந்து போறவர்) இருக்கறது 'கால்'ங்கற லத்தீன் வேர், பீடியாட்ரிக்ஸ்ல (குழந்தை வைத்தியம்) இருக்கறது 'குழந்தை'ங்கற கிரேக்க வேர். ஒரே மாதிரி கேக்கும், சம்பந்தமே இல்ல.

ஆம்பூர் பாய்:
மறக்கறதுக்கு உன்மேல தப்பில்ல ப்ரோ. 1885லயே எபிங்ஹவுஸ்னு ஒரு ஜெர்மன்காரர் அர்த்தமில்லாத அசையா மனப்பாடம் பண்ணி, எவ்ளோ சீக்கிரம் மறக்குதுன்னு தன்மேலயே சோதனை பண்ணி எழுதி வெச்சிட்டாரு. ஞாபகம் முதல்ல சர்ருனு இறங்கும், அப்புறம் மெதுவா. அதனால 20 வேணாம், 5 போதும், இன்னைக்கு படிச்சதை நாளைக்கு, மூணு நாள் கழிச்சி, ஒரு வாரம் கழிச்சின்னு பாரு. அங்கின்னு ஒரு ஆப் இருக்கு, அதுவே நாள் கணக்கு பாத்து கேக்கும். டிரெய்ன்ல சிக்னல் இல்லன்னாலும் ஓடும்.

குடியாத்தம் பையன்:
ரொம்ப தேங்ஸ் சார், அக்கா, பாய். லிஸ்ட்டை தங்கச்சி பேனா எழுதுதான்னு பாக்க எடுத்துக்கிச்சி. இன்னொரு டவுட்டு, மெயில் கடைசில 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்'னு (தயவுசெஞ்சி வேண்டியதை செய்யுங்கன்னு) போடறேன், அது ஓகேதானே?

காட்பாடி வாத்தியார்:
அது நம்ம ஊர் ஆபீஸ்ல ஓடும் தம்பி. வெளிநாட்டுக்காரன் இன்னா பண்ணணும்னு முழிப்பான். வேண்டியதை நேரா எழுதிடு.