மறு: ஓவர்கிளாக்கிங் – கலைச்சொல் தேவை

அனைவருக்கும் வணக்கம்.

கிராபிக்ஸ் கார்டுகளைச் சோதிக்கும் மென்பொருள் ஒன்றின் இடைமுகத்தைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். 'ஓவர்கிளாக்கிங்' (சில்லை அதற்கு விதித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) தனியாக வரவில்லை. ஓவர்கிளாக் செய், அண்டர்கிளாக் (வேகத்தைக் குறைப்பது), அண்டர்வோல்ட் (மின்னழுத்தத்தைக் குறைப்பது) என்று குடும்பமாக வருகிறது. பொத்தானிலும் அடங்க வேண்டும். 'மிகைக்கடிகாரம்' என்று வைத்துப் பார்த்தேன், பொருள் சரியாக வரவில்லை. உதவுங்கள்.

———

> மிகைக்கடிகாரம்

கடிகாரமே வேண்டாம் ஐயா, கடிகை வடசொல். முல்லைப்பாட்டில் 'குறுநீர்க் கன்னல்' இருக்கிறதே, நேரம் அளக்கும் வட்டில். படிகம் அதிர்ந்து சில்லுக்குத் தாளம் தருவதும் காலத்தை அளக்கும் வேலைதான். மேல் என்னும் பொருளுள்ள 'மீ' சேர்த்தால் மீக்கன்னல். கன்னல் கரும்புக்கும் பெயர் என்பார்கள், இருக்கட்டும். நாழி என்ற அளவையிலிருந்தே நாழிகை வந்தது என்பது என் துணிபு. கலத்தின் பெயர் காலத்துக்கு ஆகிவருவது நமக்குப் பழக்கம்தான். நாழிகை பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

———

கன்னல் அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் அதைப் பொத்தானில் பார்ப்பவருக்கு அழுத்தினால் என்ன ஆகும் என்று தெரியாது. விளையாடுகிறவர்கள் எல்லாரும் ஓவர்கிளாக்கிங் என்றே சொல்கிறார்கள், அப்படியே எழுதிவிடலாமே. 'மிகை' என்றாலே ஏதோ குற்றம் செய்தது போலவும் இருக்கிறது.

———

> மிகை என்றாலே ஏதோ குற்றம்

'மிகைநாடி மிக்க கொளல்' என்ற குறளில் மிகை என்பது கூடுதலாக இருப்பதுதானே? குற்றம் இல்லை.

நான் கார்டுகளைச் சோதிப்பவன். சொல்லைத் தேடும் முன் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 1998-இல் 300 மெகாஹெர்ட்ஸுக்கான இன்டெலின் செலரான் 300ஏ சில்லை 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டியவர்கள், சில்லையும் பலகையையும் இணைக்கும் 'பஸ்' தடத்தின் வேகத்தை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100-க்கு ஏற்றினார்கள். அது உண்மையிலேயே கடிகாரத்தைக் கூட்டியதுதான். இன்றைய கார்டு அப்படி இல்லை. 2012-இல் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 680 கார்டு 'பூஸ்ட்' முறையோடு வந்தது. அதன் பிறகு கார்டு வெப்பத்தையும் மின்திறனையும் பார்த்துத் தன் துடிப்பை, அதாவது கிளாக் வேகத்தை, தானே மாற்றிக்கொள்கிறது. நாம் +100 மெகாஹெர்ட்ஸ் என்று கொடுத்தால், எந்த மின்னழுத்தத்துக்கு எந்தத் துடிப்பு என்ற வரைகோடு மேலே போகிறது, அவ்வளவுதான். மின்திறன் வரம்பில் முட்டி நிற்கும் கார்டில் மின்னழுத்தத்தைக் குறைத்தாலே துடிப்பு ஏறுவதும் உண்டு. ஆகவே சொல் துடிப்பில் நிற்கட்டும்: மிகைத்துடிப்பு, குறைத்துடிப்பு, குறையழுத்தம். வினைக்குத் 'துடிப்பைக் கூட்டு'.

'மீ' வேண்டாம். மீயுரை (ஹைப்பர்டெக்ஸ்ட்), மீத்தரவு (மெட்டாடேட்டா), மீயொலி (அல்ட்ராசவுண்ட்) என்று அதற்கு ஏற்கெனவே வேலை அதிகம்.

'மிகை'யில் உள்ள எச்சரிக்கையும் எனக்குத் தேவை. கார்டில் உள்ள ஜிடிடிஆர்6 வகை நினைவகத்தின் துடிப்பை அளவுக்கு மீறிக் கூட்டினால், பிழையான தரவைக் கண்டுபிடித்துத் திரும்ப அனுப்பவே நேரம் போய்விடலாம். திரையில் ஒரு புள்ளிகூடச் சிதறாது, நொடிக்கு வரையப்படும் ஃபிரேம் (படச்சட்டம்) எண்ணிக்கை மட்டும் இறங்கும். அதனால்தான் ஒவ்வொரு படி ஏற்றியதும் அளக்கச் சொல்கிறேன். சராசரி மட்டும் போதாது, மிக மெதுவான 1 விழுக்காட்டு ஃபிரேம்களையும் பார்க்க வேண்டும். பெஞ்ச்மார்க் சோதனையைத் தாண்டிய கார்டு, விளையாட்டின் நடுவே அதை இயக்கும் டிரைவர் மென்பொருளோடு சரிவதும் உண்டு.

———

மருத்துவர்கள் இதை ஏற்பார்களா? மிகைத்துடிப்பு என்றதும் இதயம்தான் நினைவுக்கு வரும். சங்க இலக்கியப் பாலைத் திணைக்குரிய பறையான துடி, சொல்லாகத் திரும்பி வருவதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனாலும் மீக்கன்னல் குழப்பாது.

———

நன்றி நண்பர்களே. பெரும்பாலோர் மிகைத்துடிப்புப் பக்கம் சாய்வதாகப் படுகிறது, அதையே இடுகிறேன். சுட்டியை மேலே வைத்தால் வரும் குறிப்பில் 'ஓவர்கிளாக்கிங்' இருக்கும். மீதமுள்ள திறனைக் காட்டும் இடத்தில் கலைச்சொல் இல்லாமல் 'இன்னும் ஏற்றலாம்' என்றே எழுதிவிட்டேன்.

———

என் மறுப்பும் பதிவாகட்டும். தயாரிப்பாளரே துடிப்பைக் கூட்டி விற்கும் கார்டுகள் இருக்கின்றன. பெட்டியிலிருந்து எடுத்து மாட்டியதும், பயனர் எதையும் தொடாமலே, உங்கள் மென்பொருள் அதை 'மிகைத்துடிப்பு' என்று காட்டுமா? மிகை எந்த அளவுக்கு மேல் என்று முடிவாகும்வரை நான் ஓவர்கிளாக்கிங் என்றே எழுதுவேன்.