படித்துறையில் பச்சைப் படலம்: ஏரிக்கரை பிளாட்ஸ் குழு

*சனிக்கிழமை*

செயலாளர், காலை 6:38
நாளைக்குப் பசங்க 14 பேரைப் நம்ம ஏரியில பெடல் போட் (படகு) சவாரிக்குக் கூட்டிட்டுப் போறதா இருக்கோம். படித்துறை ஓரமா தண்ணி பச்சையா கெட்டியா கெடக்கு, போட்டோ போட்டிருக்கேன். வாட்ச்மேன் ஆகாயத்தாமரைங்கிறார்.

ஏ5 லேப் சார், 6:44
ஆகாயத்தாமரைன்னா இலை, வேர், ஊதாப் பூ இருக்கும். இது பெயிண்டைக் கொட்டின மாதிரி இருக்கு. போட்டோவுல இடது மூலைக் கல்லைப் பெருசு பண்ணிப் பாருங்க. படலம் காஞ்ச இடத்துல வெளிர் நீலமா ஒரு கோடு தெரியுது. நீலப்பச்சைப் பாசி செத்து உடையறப்போ அந்த நீல நிறமி வெளிய வரும். பேருதான் பாசி, ஜாதி பாக்டீரியா. சயனோபாக்டீரியாம்பாங்க.

பி2 அக்கா, 6:46
நான் படித்துறையிலதான் நிக்கிறேன் சார். கையில கொஞ்சம் எடுத்துப் பாக்கவா?

ஏ5 லேப் சார், 6:47
வெறுங்கையால தொடாதீங்கம்மா. நீளமா ஒரு குச்சிய உள்ள விட்டு மெதுவா தூக்குங்க. முடி மாதிரி நூல் நூலா தொங்கினா சாதாரண இழைப்பாசி, பெரும்பாலும் விஷம் இல்ல. பெயிண்ட்ல முக்கின மாதிரி குச்சி பூரா ஒட்டினா உஷாராகணும்.

பி2 அக்கா, 6:55
நூலே இல்ல. மோர்க்குழம்புல கரண்டி விட்ட மாதிரி வழியுது. கிட்டப் பாத்தா ரவை மாதிரி குட்டிக் குட்டிக் குருணை.

ஏ5 லேப் சார், 7:01
அந்த ரவைதான் காலனி, அதாவது நிறைய செல் ஒண்ணா ஒட்டின கூட்டம். மைக்ரோசிஸ்டிஸ்னு ஒரு வகை இப்படித்தான் திரளும். அதோட செல்லுக்குள்ள காத்துப் பை இருக்கு. ராத்திரி தண்ணி அசையாம இருந்தா மேல மிதந்து வந்திரும், அப்புறம் காத்து எந்தப் பக்கம் தள்ளுதோ அந்தக் கரையில குவியும். மத்தியானம் கடல்காத்து எறங்கினா மேற்குக் கரையில போய் ஒதுங்கும். அதனால நடு ஏரி தெளிவா இருக்கேன்னு நம்ப முடியாது.

ராத்திரிக்கு ஒரு சோதனை பண்ணலாம். க்ளவுஸ் போட்டுக்கிட்டு, பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல முக்கால் அளவு தண்ணி எடுங்க. மேல கெடக்குற படலத்தை அள்ளக் கூடாது, அதுக்குக் கீழ இருக்குற தண்ணி வேணும். மூடிய இறுக்க வேணாம், உள்ள வாயு சேரும். கவர்ல கட்டி, "குடிக்காதே"ன்னு எழுதி ஃப்ரிட்ஜ்ல ஆட்டாம வைங்க. காலையில பச்சை மேல வந்து நின்னா பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி, அடியில படிஞ்சா பெரும்பாலும் வேற பாசி. ஆனா விஷம் இருக்கா இல்லையான்னு இதுல தெரியாது. ஒரே இனத்துலயே விஷம் சுரக்குறதும் உண்டு, சுரக்காததும் உண்டு. அதை லேப்லதான் பாக்கணும்.

டி4 மாமா, 7:10
ரெண்டு கிலோ மயில்துத்தம் தூவினா ரெண்டு நாள்ல செத்துடுமே?

ஏ5 லேப் சார், 7:14
சாகும் மாமா, அதுலதான் ஆபத்து. விஷம் பெரும்பாலும் செல்லுக்குள்ள அடைஞ்சிருக்கு. மயில்துத்தம், ப்ளீச்சிங் பவுடர் எது போட்டாலும் செல் வெடிச்சு மொத்த விஷமும் ஒரே நேரத்துல தண்ணியில கலந்திரும். செத்த பாசி அழுகுறப்போ ஆக்ஸிஜனையும் தின்னுடும், விடிகாலையில மீன் வாயைப் பொளந்துக்கிட்டு மேல வரும். தயவுசெஞ்சு யாரும் எதையும் தூவாதீங்க.

டி4 மாமா, 7:15
சரிப்பா. கொதிக்க வச்சா போயிடும்தானே?

ஏ5 லேப் சார், 7:19
போகாது. மைக்ரோசிஸ்டிஸ் சுரக்குற விஷத்துக்கு மைக்ரோசிஸ்டின்னு பேரு, அது சூட்டுக்கு அசையாது, தண்ணி வத்த வத்த அடர்த்திதான் ஏறும். 2014ல அமெரிக்காவுல டொலிடோ நகரத்துல இதே விஷம் குழாய்த் தண்ணியில வந்தப்போ, சுமார் 4 லட்சம் பேருக்குக் குடிக்காதீங்க, கொதிக்கவும் வைக்காதீங்கன்னுதான் சொன்னாங்க. யூவி ஃபில்டர், வெள்ளைத் துணியில வடிகட்டுறது எதுவும் உதவாது. ஆர்ஓ பெரும்பகுதியைப் பிடிக்கும். நமக்கு ஏரித் தண்ணி வர்றதில்ல, லாரிக்காரர்கிட்ட மட்டும் எங்க ரொப்புறார்னு கேட்டுக்கோங்க.

செயலாளர், 7:22
போட்ல உக்காந்துதானே போறாங்க சார், குளிக்கப் போறதில்லையே?

ஏ5 லேப் சார், 7:27
பெடல் போட்ல தண்ணி தெறிக்கும். பசங்க கைய விட்டு அளைவாங்க, அதே கையால முறுக்கு சாப்பிடுவாங்க. குளிக்குற, விளையாடுற தண்ணிக்கு உலக சுகாதார நிறுவனம் வச்ச வரம்பு லிட்டருக்கு 24 மைக்ரோகிராம் மைக்ரோசிஸ்டின். கரையில ஒதுங்குற படலத்துல அது ஆயிரக்கணக்குல போகலாம். சின்னப் பசங்களுக்கு எடை கம்மி, ஒரு மடக்கு போனாலே அதிகம். முட்டுக்காடு போங்க, அங்க கடல் தண்ணி ஏறி இறங்கும். முகத்துவாரம் மண் மூடியிருக்கான்னு மட்டும் கேட்டுட்டுப் போங்க.

பி2 அக்கா, 7:29
ஏற்கெனவே பட்டிருந்தா?

ஏ5 லேப் சார், 7:31
உடனே குழாய்த் தண்ணியில சோப்பு போட்டுக் குளிப்பாட்டுங்க. வாயில போயிருந்தா கொப்பளிக்க வைங்க. அரிப்பு, கண் எரிச்சல், வாந்தி, பேதி வந்தா டாக்டர்கிட்ட "ஏரிப் பாசித் தண்ணி"ன்னு தெளிவா சொல்லணும். சொல்லலைன்னா சாப்பாட்டுக் கோளாறுன்னு நினைச்சிடுவாங்க.

சி1 வெட்னரி டாக்டர், 7:40
நாய் வளர்க்குறவங்க இதைக் கட்டாயம் படிங்க. நாய்தான் முதல்ல மாட்டும். கரையோரம் குடிக்கும், அப்புறம் உடம்புல ஒட்டினதை நக்கியே உள்ள தள்ளும். எச்சில் ஒழுகுறது, தள்ளாடுறது, வலிப்பு எல்லாம் சில நிமிஷத்துலயிருந்து சில மணி நேரத்துக்குள்ள வரலாம். மாத்து மருந்து கிடையாது. நனைஞ்சு வந்தா நக்க விடாதீங்க, க்ளவுஸ் போட்டுக் கழுவுங்க. அறிகுறி தெரிஞ்சா காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வாங்க. தெருநாய்களுக்கு கேட் பக்கத்துல ரெண்டு பேசின்ல நல்ல தண்ணி வச்சா ஏரிக்குப் போறது குறையும்.

டி4 மாமா, 7:46
அந்த ஏரி ஜிலேபி மீன் நம்ம தெருவுக்கு வருதே?

ஏ5 லேப் சார், 7:50
இப்போதைக்கு வாங்காதீங்க. ஈரல், குடல்ல விஷம் அதிகமா தங்கும், பொரிச்சாலும் போகாது. செத்து மிதக்குற மீனை எந்தக் காலத்துலயும் தொடக் கூடாது.

செயலாளர் சார், 1913ங்கிற நம்பருக்குப் போன் பண்ணி சென்னை கார்ப்பரேஷன்ல புகார் கொடுத்து, புகார் நம்பர் வாங்கி வைங்க. மழைநீர் வடிகால்ல சாக்கடை கலக்குற இடத்தையும் சேர்த்து எழுதுங்க. சாக்கடையிலயும் சோப்புத் தண்ணியிலயும் வர்ற பாஸ்பரஸ்தான் இதுக்குத் தீனி. அது நிக்காம படலத்தை மட்டும் அள்ளினா திரும்பத் திரும்ப வரும்.

*ஞாயிற்றுக்கிழமை*

பி2 அக்கா, காலை 6:20
பாட்டில் போட்டோ போட்டிருக்கேன். மேல ஒரு விரல் கனத்துக்குப் பச்சை வளையம், கீழ தண்ணி தெளிஞ்சு நிக்குது.

ஏ5 லேப் சார், 6:26
அப்போ பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசிதான். நாளைக்கு சாம்பிள் எடுத்துடுவோம். விஷப் பரிசோதனைக்கு பழுப்புக் கண்ணாடி பாட்டில். சில பிளாஸ்டிக்ல விஷம் ஒட்டிக்கும், அளவு குறைச்சுக் காட்டும். ஐஸ் பெட்டியில வச்சு 24 மணி நேரத்துக்குள்ள லேப் சேரணும். மைக்ராஸ்கோப்புக்குத் தனி பாட்டில், அதுல மட்டும் பாசி கெடாம இருக்க லூகால் அயோடின் கரைசலை லைட் டீ நிறம் வர்ற வரைக்கும் சொட்டு சொட்டா விடணும்.

செயலாளர், 6:31
போட் விடுறவர்கிட்ட சொல்லிட்டேன். ரெண்டு நாள்ல படலம் போயிட்டா திறக்கலாமான்னு கேக்குறார்.

ஏ5 லேப் சார், 6:33
வேணாம். படலம் கலைஞ்சாலும் கரைஞ்ச விஷம் சில வாரம் வரைக்கும் தண்ணியில இருக்கலாம். ஒரு வாரம் விட்டு எடுத்த ரெண்டு சாம்பிளும் தொடர்ந்து சரியா வரட்டும். அதுவரைக்கும் படித்துறையில கயிறு கட்டிடுங்க.