புதுப்பிப்பு: சுட்ட பாத்திரத்தில் வெள்ளைப் புள்ளி வெடித்துப் பெயர்வது – தீர்ந்தது

வீட்டு மின்சூளையில் 950 டிகிரியில் சுட்ட டம்ளரும் தட்டும் எடுக்கும்போது நன்றாக இருந்து, சில நாளில் சில்லு சில்லாகப் பெயர்கின்றன, குழிக்குள் வெள்ளைப் புள்ளி தெரிகிறது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

சுண்ணாம்பு என்று சொன்ன அக்காவின் கணிப்புதான் சரி. ஏரி மண்ணிலிருந்து பொறுக்கிய வெள்ளைத் துணுக்குகளை வினிகரில் போட்டதும் நுரைத்தன. எல்லாம் நத்தை ஓடு. சூளையில் அது சுட்ட சுண்ணாம்பாகிவிடுகிறது. அப்புறம் காற்றின் ஈரத்தை இழுத்து, நீறி, உப்பி, மேலே இருக்கும் மண்ணைத் தள்ளுகிறது. மழைக்காலத்தில் சீக்கிரமே பெயர்ந்ததற்கும் இதுதான் காரணம்.

வேலைக்கு ஆனது அவர் சொன்ன வழியே: மண்ணைத் தண்ணீரில் கூழாகக் கரைத்து 80 மெஷ் (அங்குலத்துக்கு 80 கண்) சல்லடையில் வடிகட்டுவது. தெளியவிட்டு, மேல்நீரை இறுத்து, துணியில் கட்டித் தொங்கவிட வேண்டும். சள்ளை பிடித்த வேலைதான், ஆனால் அதற்குப் பிறகு சுட்டவற்றில் ஒன்றுகூடப் பெயரவில்லை.

ஏற்கெனவே சுட்டவற்றை, சூளையிலிருந்து எடுத்த வெதுவெதுப்போடு தண்ணீரில் ஊறப்போடும் யோசனை பாதிதான் பலித்தது. சின்னப் புள்ளிகள் அடங்கின, பெரிய துணுக்குகள் வெடிக்கவே செய்தன.

எதிர்பாராத ஒன்று: வடிகட்டிய மண்ணில் கொரகொரப்பு போய்விடுவதால், காயும்போது தட்டுகளின் விளிம்பு தூக்கிக்கொண்டது. சலித்த நைசு மணலைப் பத்தில் ஒரு பங்கு சேர்த்துப் பிசைந்ததும் சரியானது. அந்த மணலையும் முதலில் வினிகரில் போட்டுப் பாருங்கள், அதிலும் கிளிஞ்சல் தூள் இருக்கலாம்.